கம்பத்துக்காரன் பதில்கள்: அடிலெய்டும் அக்கம்பக்கமும்

போன இதழில் நான் குடியிருக்கும் அடிலெய்டு நகரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர், சுற்றிலும் ஒயின் திராட்சை விளையும் ஊர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சிலருக்கு ஆசை, சிலருக்குத் தயக்கம், ஒருவருக்குக் கோபம். கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன், இங்கே வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் பரோசா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டியவன், இப்போது சின்ன வேன் வைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறவன். இந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

மகன் அடிலெய்டில் இருக்கிறான். பிப்ரவரியில் நானும் என் கணவரும் போகிறோம். முதல் வாரமே பரோசா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. அங்கே போய் நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, பொள்ளாச்சி

என் அம்மா வந்தபோது இதே கேள்வியைக் கேட்டார். அவர் உங்களைவிடக் காரமாக, "சாராயக் கடையைப் பார்க்கவாடா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தேன்?" என்றார்.

பிப்ரவரி என்றால் உங்களுக்கு யோகம்தான். அறுவடை அப்போதுதான் ஆரம்பிக்கும். எனக்குப் பழக்கமான ஒரு தோட்டக்காரர் வரிசையின் முனையிலிருந்து ஷிராஸ் என்ற ஒயின் திராட்சையில் ஒரு கொத்து பறித்து அம்மா கையில் கொடுத்தார். ஒவ்வொரு பழமும் சுண்டைக்காய் அளவு, கறுப்பு. வாயில் போட்ட அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "வெல்லப்பாகு மாதிரி இனிக்குது, ஆனா தோலும் கொட்டையும்தான் இருக்கு, சதையைக் காணோம்!" அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த இனிப்புதான் நொதித்துச் சாராயச் சத்தாகிறது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன. பழம் சின்னதாக இருந்தால்தான் சாற்றுக்குத் தக்கபடி தோல் அதிகம். நம் ஊரில் பெரிய பழத்துக்கு விலை, இவர்களுக்குச் சின்னப் பழத்தின்மேல் ஆசை.

அப்புறம் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு. 1851இல் ஜோசப் செப்பெல்ட் என்ற ஜெர்மன்காரர் தொடங்கிய பண்ணை. போகிற வழியெல்லாம் இருபுறமும் ஈச்ச இனத்துப் பெரிய மரங்கள், இரண்டாயிரத்துக்கும் மேல். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் போன கூலியாட்களை அனுப்பிவிட மனமில்லாமல், அவர்களை வைத்து நட்ட மரங்கள் என்பார்கள். பனை பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அந்தச் சாலை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே ஒரு கிடங்கு. 1878இல் அந்தக் குடும்பத்தின் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாய் ஒயினை ஒதுக்கி வைத்து, நூறு வருடம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்றாராம். அன்றிலிருந்து ஒரு வருடம் விடாமல் வருடா வருடம் இப்படி ஒதுக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள். 1978இலிருந்து நூறு வயதான சரக்கு ஆண்டுதோறும் வெளிவருகிறது. வருடம் எழுதிய பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும். நூறு வருடத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் இருப்பது கறுத்துக் கெட்டிப்பட்டு, பனங்கற்கண்டு காய்ச்சும்போது வருகிற பாகு போல இருக்கும். அம்மா தான் பிறந்த 1948ஐத் தேடிக் கண்டுபிடித்து, பீப்பாயைத் தட்டிப் பார்த்து, "இதுவும் என்னை மாதிரி வத்திப் போயிருக்கும்" என்றார். குடிக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னது இந்தப் பீப்பாயைத்தான்.

திரும்பும்போது மகனை வில்லியம்ஸ்டவுன் பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். 1902இல் கட்டி முடித்த பரோசா நீர்த்தேக்கத்தின் அணைச் சுவர் அங்கே இருக்கிறது. ‘கிசுகிசுக்கும் சுவர்’ என்று பெயர். வில் போல வளைந்த சுவர், முனைக்கு முனை நூறு மீட்டருக்கு மேல். ஒரு முனையில் மெல்லப் பேசினால் ஒலி அந்த வளைவை ஒட்டியே ஓடி மறுமுனையில் காதுக்குள் விழும். நான் ஒரு முனையில் நின்று "அம்மா, கேக்குதா?" என்று கேட்கத் தயாரானபோது, மறுமுனையில் அம்மா என் மனைவியிடம் முணுமுணுத்தது பக்கத்தில் நின்று சொன்னது போல வந்தது: "காலையிலேர்ந்து சுத்துறான், ஒரு காபி வாங்கித் தரத் தோணுதா பாரு." வாங்கிக் கொடுத்தேன்.

ஒயின் பண்ணைகளில் குடிக்காதவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. காபியோ ஜூஸோ வாங்கிக்கொண்டு கொடிகளைப் பார்த்தபடி உட்காரலாம். ஒரே எச்சரிக்கை வெயில். இங்கே கோடை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. 2019 ஜனவரி 24 அன்று இந்த நகரத்தில் 46.6 டிகிரி அடித்தது. பொள்ளாச்சிக் காற்றில் வளர்ந்தவர்கள், காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

ஒயின் ஊரைப் பற்றி எழுதி எங்கள் பிள்ளைகளுக்கும் ஆசை காட்டுகிறீர்களே, நியாயமா?
— வாசகர், நாகர்கோவில்

ஐயா, வேன் ஓட்டுகிறவன் நான். வேலை நாளில் ஒரு சொட்டு தொட முடியாது, மற்ற நாளில் எனக்கு மோர் போதும். நான் எழுதியது தோட்டத்தைப் பற்றி. குடிப்பதைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை.

அலுவலக வேலையாக அடிலெய்டு வருகிறேன். ஒரே ஒரு நாள் ஓய்வு. கார் கிடையாது. எதைப் பார்ப்பது?
— வாசகர், சென்னை

கார் இல்லாதவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. கர்னல் வில்லியம் லைட் என்பவர் 1837இல் சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களை வரைந்து, நகரைச் சுற்றிலும் பச்சையாக ஒரு பூங்கா வளையம் விட்டார். அந்த வளையம் இன்றும் இருக்கிறது. காலால் நடந்தே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்விடலாம். நகர மையத்துக்குள் டிராமுக்கும் டிக்கெட் இல்லை.

காலையில் முதல் வேலை சென்ட்ரல் மார்க்கெட். 1869இலிருந்து நடக்கிறது. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், அந்த நாளில் வந்து என்னைத் திட்டாதீர்கள். ஒரு பக்கம் ஆலிவ், ஒரு பக்கம் பாலாடைக்கட்டி, அடுத்த சந்தில் வியட்நாம்காரர் கடையில் கறிவேப்பிலை. விலையைப் பார்த்தால் நம் ஊர் காய்க்காரம்மா கொசுறாகத் தருகிறதை நினைத்துக் கண் கலங்கும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் நார்த் டெரஸ். அருங்காட்சியகம், ஓவியக் கூடம், மாநில நூலகம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மூன்றிலும் பொதுவாக உள்ளே போகக் காசு இல்லை. நேரம் குறைவென்றால் ஓவியக் கூடத்தை விட்டுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நூலகத்தில் மார்ட்லாக் கூடத்தை மட்டும் விடாதீர்கள். 1884இல் திறந்தது. மாடி மாடியாக மர அலமாரி, இரும்புக் கிராதி, மேலே கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெளிச்சம். அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பொருட்கள், அந்த வகையில் உலகிலேயே பெரிய தொகுப்பு. இந்த மண்ணின் சொந்தக்காரர்களான கௌர்னா மக்கள் இந்த இடத்தை டார்ன்டான்யா என்று அழைத்தார்கள். சிவப்புக் கங்காரு சம்பந்தப்பட்ட பெயர். ‘அடிலெய்டு’ என்பது இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி பெயர். அந்த அம்மாள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

தெருவின் கிழக்கு முனையில் தாவரவியல் பூங்கா. தட்டு மாதிரி இலை விரிக்கும் அமேசான் ஆம்பல் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் இருக்கிறது. பூங்காவை ஒட்டியே தேசிய ஒயின் மையம். பள்ளத்தாக்குக்குப் போக நேரமில்லாதவர்கள் அங்கே தலையைக் காட்டிவிட்டுப் போகலாம்.

சாயங்காலம் டிராம் பிடித்து க்ளெனெல்க் கடற்கரை. அரை மணிப் பயணம். நகர எல்லை தாண்டிப் போவதால் இதற்கு டிக்கெட் வேண்டும். சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கலாம். மெரினாவில் உதயம் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது தலைகீழாக இருக்கும்.

இந்தியா 36 ரன்னில் சுருண்ட மைதானத்தை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
— வாசகர், மதுரை

வந்ததும் புண்ணிலேயே கை வைக்கிறீர்கள். முடியும், ஆட்டம் இல்லாத நாளில் சுற்றிக் காட்ட ஆள் உண்டு. 2020 டிசம்பர் 19 அன்று நடந்த கூத்தை நான் வேனுக்குள் ரேடியோவில் கேட்டேன். காபி வாங்க இறங்கி, திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு விக்கெட் போயிருந்தது.

ஆனால் அதே மைதானத்தில்தான் 2003 டிசம்பரில் ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 556 எடுத்தும் தோற்றது. டிராவிட் 233, அடுத்ததில் ஆட்டமிழக்காமல் 72. நான் யாரைக் கூட்டிப்போனாலும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். 1911இலிருந்து நிற்கும் பழைய ஸ்கோர் பலகை உள்ளே இருக்கிறது. எண்களை இன்னமும் ஆள் நின்று கையால்தான் மாற்றுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பழைய மட்டை வீரர் பிராட்மன் 1934இல் இந்த ஊருக்குக் குடிவந்து 2001இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவருடைய மட்டை, தொப்பி எல்லாம் மைதானத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.

நண்பர்கள் நாலு பேர். வாடகைக் கார் எடுத்து ஒரே நாளில் ஐந்து ஒயின் பண்ணைகள் பார்க்கத் திட்டம். எந்த வரிசையில் போகலாம்?
— வாசகர், கோவை

வரிசை அப்புறம். முதலில் கணக்கு. ஒரு பண்ணையில் ருசிக்கு ஊற்றுவது தலா 30 மில்லி என்று வையுங்கள், அப்படி ஐந்து வகை. 150 மில்லி. ஐந்து பண்ணை என்றால் 750 மில்லி. தம்பி, அது ஒரு முழு பாட்டில். வாய் நனைக்கிற அளவுதானே என்று தோன்றும். இங்கே வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் சாராயம் 0.05 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் குற்றம். சாலையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நாலு பேரில் ஒருவர் தொடாமல் இருப்பது. நடக்காது, பார்த்திருக்கிறேன். காலையில் சத்தியம் செய்தவர் மூன்றாவது பண்ணையில் "இது ஒண்ணு மட்டும்" என்பார். இரண்டு, ஓட்டுநரோடு வண்டி. மூன்று, துப்புவது. சிரிக்காதீர்கள். ஒவ்வொரு மேசையிலும் அதற்கென்றே ஒரு படிக்கம் வைத்திருப்பார்கள். வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, அடுத்ததுக்குப் போவதுதான் தொழில் தெரிந்தவர்கள் செய்வது. நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த மரியாதை இங்கே ஒயினுக்கு. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும் என்பதால், ஓட்டுகிறவருக்கு இதுவும் வேண்டாம்.

பரோசாவுக்கு நேராகப் போகிற பயணிகள் ரயில் கிடையாது. அதனால் என் யோசனை: ஐந்தை இரண்டாக்குங்கள். ஒன்றுக்கு நகரத்திலிருந்து டாக்சியே போதும். எட்டு கிலோமீட்டரில் மகில் என்ற இடத்தில், வீடுகளுக்கு நடுவே பென்ஃபோல்ட்ஸ் பண்ணை. 1844இல் கிறிஸ்டோபர் பென்ஃபோல்ட் என்ற டாக்டரும் மனைவி மேரியும் நட்டது. அவர் நோயாளிகளுக்கு டானிக்காகத்தான் ஒயின் கொடுத்தாராம். கஷாயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மாக்ஸ் ஷூபர்ட் என்றொருவர் வேலை பார்த்தார். 1951இல் ‘கிரேஞ்ச்’ என்ற ஒயினைச் சோதனையாகச் செய்தார். ருசி பார்த்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. மனிதர் நிறுத்தவில்லை. மூன்று வருடம் திருட்டுத்தனமாகச் செய்து ஒளித்து வைத்தார். அதற்குள் பழைய பாட்டில்கள் முதிர்ந்து ருசி ஏறிவிட, 1960இல் அதே நிர்வாகம் மறுபடி செய்யச் சொன்னது. இன்று ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பேர் பெற்ற ஒயின் கிடையாது. விலையைக் கேட்டுவிட்டு நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

இரண்டாவதாக, தெற்கே மெக்லாரன் வேல் என்ற ஒயின் ஊர். டேரன்பர்க் பண்ணையில் குழந்தைகள் திருப்புகிற ரூபிக் கட்டை போல ஐந்து மாடிக் கட்டடத்தைக் கொடிகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள், 2017இல் திறந்தது. எனக்கு அது கொஞ்சம் அலட்டலாகத்தான் தெரிகிறது. என் மகளுக்கு உயிர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போர்ட் வில்லங்கா கடற்கரை. கட்டடத்தை விட்டாலும் கடலை விடாதீர்கள்.

ஹாண்டார்ஃப் என்ற ஊரில் எல்லாமே ஜெர்மன் மயம் என்று படித்தேன். ஆஸ்திரேலியாவில் ஜெர்மானியர் எப்படி?
— வாசகி, காரைக்குடி

மத வழிபாட்டில் பிரஷ்யா என்ற அந்தக்கால ஜெர்மன் நாட்டின் மன்னர் தலையிட்டதால் கப்பல் ஏறி வந்த லூத்தரன் கிறித்தவர்கள். ஏறி வந்த கப்பலின் கேப்டன் பெயர் ஹான். அவரே இவர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுக்க அலைந்ததால், 1839இல் குடியேறிய ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ‘டார்ஃப்’ என்றால் கிராமம். ‘ஹான்பட்டி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஊர்ப் பெண்கள் காய்கறி, வெண்ணெய், முட்டையைச் சுமந்துகொண்டு நடுராத்திரியில் கிளம்பி, மலை இறங்கி, விடிவதற்குள் அடிலெய்டு வந்து விற்றிருக்கிறார்கள். திரும்பும்போது கோயில் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து போனார்கள் என்று சொல்வார்கள். அந்த மலைப் பாதை இன்றும் நடப்பதற்கு இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர்களைச் சட்டம் போட்டு அழித்தபோது இந்த ஊர் ‘ஆம்பிள்சைடு’ ஆனது. பழைய பெயர் திரும்பி வர 1935 ஆயிற்று.

இப்போது தெருவெல்லாம் கடைதான். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. தொத்திறைச்சி வேண்டாதவர்களுக்குப் பேக்கரி இருக்கிறது. போகிற வழியில் மவுன்ட் லாஃப்டி உச்சியில் நின்று நகரத்தையும் கடலையும் பாருங்கள். அதற்குக் கீழேயே க்ளேலண்ட் விலங்குப் பூங்கா, கங்காருவுக்குக் கையில் தீனி வைத்து ஊட்டலாம்.

நான் பன்னீர் திராட்சை விவசாயி. உங்கள் ஊர்க் கொடிக்கும் நம் கொடிக்கும் என்ன வித்தியாசம்? வந்தால் ஒரு குச்சி வெட்டிக்கொண்டு வர முடியுமா?
— வாசகர், சின்னமனூர்

அண்ணே, இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

முதல் வித்தியாசம், அண்ணாந்து பார்க்க இங்கே எதுவும் இல்லை. நம் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் ஏற்றி, நிழலில் நின்று பழம் வெட்டுவோம். பரோசாவின் பழைய கொடிகளுக்குப் பந்தலே இல்லை. இடுப்பளவு உயரத்தில் தனித்தனிக் குத்துச்செடியாக நிற்கும். தண்டு முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி இருக்கும். முதல் நாள் நான் பட்டுப்போன கட்டை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். மேஸ்திரி கூப்பிட்டு, "இதுக்கு உன் தாத்தாவோட தாத்தா வயசு" என்றார். பரோசாவில் டனுண்டா என்ற ஊரில் 1843இல் நட்ட ஷிராஸ் இன்னும் காய்க்கிறது.

இரண்டாவது, தூக்கம். நமக்குக் குளிர்காலம் கிடையாது. கவாத்து வெட்டினால் கொடி விழிக்கும், நாலு மாதத்தில் பழம், மறுபடி கவாத்து. இங்கே மே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மொட்டைக் கட்டையாகத் தூங்கும். வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. அந்தத் தூக்கத்தில்தான் கவாத்து. ஒரு செடிக்கு இவ்வளவு என்று கூலி. விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. கத்தரியின் இரும்பு கையுறையைத் தாண்டிக் குத்தும். ஒரு கிளைக்கு இரண்டு கண் (மொட்டு) விட்டு வெட்டு, நகரு, வெட்டு, நகரு. பத்து மணிக்குத்தான் விரல் இருப்பதே தெரியும்.

குளிர் விடும் நேரம் வெட்டு வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். கொடி அழுகிறது என்பார்கள் இங்கே. வேர் விழித்து நீர் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். முதல் வருடம் வேலையின் கடைசி வாரத்தில் ஒரு காலை வெயிலில் வரிசை முழுக்க அந்தச் சொட்டு மின்னியது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வெட்டி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

குச்சி விஷயம்: வேண்டவே வேண்டாம். ஃபைலாக்ஸரா என்று ஒரு வேர்ப்பேன். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து போய் ஐரோப்பாத் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்தது. அப்புறம் அந்தப் பேனைத் தாங்குகிற அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் அவர்கள் பிழைத்தார்கள். பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கு அது 1877இலேயே வந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை விடவில்லை. அதனால்தான் அந்தக் கிழட்டுக் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. குச்சியில் வரும், மண்ணில் வரும், செருப்பில் ஒட்டியும் வரும். வாசல்களில் ‘அனுமதியில்லாமல் உள்ளே வராதே’ என்று பலகை வைத்திருப்பது அகம்பாவம் இல்லை. படம் எடுக்கிற ஆசையில் வரிசைக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பதறும்.

உங்களுக்கு நான் சொல்லும் மாதம் பிப்ரவரி இல்லை, ஜூலை. சுற்றுலாக்காரர் யாரும் வர மாட்டார்கள், பார்க்கப் பச்சையே இருக்காது. தோட்டக்காரரிடம் நானே கேட்டு வைக்கிறேன். பூட்ஸும் கத்தரியும் கொண்டுவராதீர்கள், இங்கேயே தருவார்கள். கம்பளிச் சட்டை இரண்டு எடுத்து வையுங்கள்.